எட்டு செட்டும் நல்ல நிலையில்

தீயணைப்பு நிலையத்துக்குள் காலடி எடுத்து வைத்ததுமே கணக்கம்மா நின்றுவிட்டாள். இடம் அப்படிப் பளபளத்தது.

சிவப்பு வண்டியின் பக்கவாட்டில் அவள் முகம் தெரிந்தது. தண்ணீர்க் குழாய்களின் பித்தளை முனைகள் தங்கம் போல மின்னின. தரையில் எண்ணெய்க் கறை ஒன்றைக்கூடக் காணோம். சுவரோரக் கொக்கிகளில் எட்டு சுவாசக் கருவிகள் வரிசையாகத் தொங்கின. புகைக்குள் போகிறவர்கள் முதுகில் சுமக்கும் காற்று சிலிண்டரும் முகத்தில் மாட்டும் மாஸ்க்கும் சேர்ந்த அந்தக் கருவிக்கு நிலையத்தில் 'செட்' என்று பெயர். பதினேழு வயதான எட்டு செட்டும் நேற்றுத்தான் கடையிலிருந்து இறங்கியவை போலத் தொங்கிக்கொண்டிருந்தன.

"எப்படிக்கா? சம்பந்தி வர்ற வீடு மாதிரி இல்ல?" என்றான் அவள் தம்பி. ஆறடிக்கு மேல் வளர்ந்துவிட்டதால் நிலையத்தில் அவன் பெயர் நெட்டை. "ரெண்டு நாளா தேய்ச்சிருக்கோம். குருவிக்குத் தோள்பட்டையே கழண்டு போச்சு."

"கழண்டதுக்கும் உங்க வீட்டுக்காரர் பாலிஷ் போட்டுத்தான் மாட்டி விட்டாரு," என்றான் குருவி. ஆள் சின்னவன்; வாய் பெரிது. நெட்டையும் அவனும் எந்த நெருப்புக்குள்ளும் ஜோடியாகத்தான் போவார்கள்.

"யாருடா உங்களைத் தேய்க்கச் சொன்னது?" என்றாள் கணக்கம்மா.

இருவரும் விழித்தார்கள். பாராட்டு வரும் என்று காத்திருந்த முகங்கள் அவை.

நகராட்சியின் கணக்குப் பிரிவில் பதினாறு வருஷமாக இருக்கிறாள் அவள். இந்தச் சின்ன ஊரின் தீயணைப்பு நிலையம் கருவி வாங்கிய கதையெல்லாம் அவளுக்கு அத்துப்படி. பழைய வண்டியைக் காயலான் கடைக்குப் போட்டுத்தான் ரப்பர் குழாய் வந்தது. ஏணி, ஒரு செருப்புத் தொழிற்சாலை அபராதத்துக்குப் பதிலாகக் கொடுத்தது. பூட்ஸ் ஒரு பெரிய நகரம் கழித்துப் போட்டது. எல்லாம் பத்தாம் நம்பர், குருவி மூன்று சாக்ஸ் போட்டுத்தான் அதில் நிற்பான். சூடு காட்டும் கேமராவுக்காகக் கடை கடையாக உண்டியல் வைத்து இரண்டு வருஷம் காத்திருந்தார்கள். ஆனால் எட்டு புது செட்டின் விலைக்கு உண்டியல் யானைப் பசிக்குச் சோளப்பொரி. ஊர் முழுக்கத் தெருவிளக்கு ஒரு வருஷம் எரிகிற கரண்ட் பில்லும் அதுவும் ஒன்று.

அரசின் நிதி ஒன்று இருந்தது. செலவில் பத்தில் ஒன்பது பங்கை அது தரும். ஒரு பங்கை ஊர் போட வேண்டும். கேட்கிற ஊர்கள் நூறு, கிடைப்பது இருபதுக்கு. எந்த ஊரின் நிலைமை மோசமோ அதற்கு அதிக மதிப்பெண். மூன்று மாதம் உட்கார்ந்து அவள்தான் விண்ணப்பத்தை எழுதினாள். நேரில் பார்த்து மதிப்பெண் போட இன்று நிதி அலுவலகத்திலிருந்து மதிப்பீட்டாளர் வருகிறார். ஊர் போடும் பங்குக்கான நகர்மன்றத் தீர்மானமும் வெள்ளிக்கிழமை மாலை நான்கு மணிக்குள் போய்ச் சேர வேண்டும்; அதோடு எல்லாம் முடிந்துவிடும். அடுத்த வாய்ப்பு மூன்று வருஷம் கழித்து.

கிழிசலைக் காட்டிக் கேட்க வேண்டிய இடத்தில் இவர்கள் பட்டுச் சட்டை போட்டுக்கொண்டு நிற்கிறார்கள்.

வண்டிக்குப் பின்னாலிருந்து அவள் கணவன் கையைத் துடைத்துக்கொண்டே வந்தான். வண்டியோட்டி, பம்ப்பைப் பார்த்துக்கொள்பவன், கருவிகளுக்கும் பொறுப்பாளன். எதைக் கண்டாலும் துடைக்கிற கை; அதனால் ஊருக்கே அவன் பாலிஷ்.

அவள் செட்டுகளையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஏதோ குறைந்தது. என்ன என்று புரிந்ததும் குரல் தாழ்ந்தது.

"டேப் எங்கங்க?"

"எந்த டேப்?"

"மஞ்ச டேப். மாசாமாசம் மளிகைக் காசுல வாங்குறீங்களே, அது."

"பிச்சிட்டேன்மா. காயத்துக்குக் கட்டுப் போட்ட மாதிரி அசிங்கமா இருந்துச்சு. அந்த மேடம் போனதும் திரும்பச் சுத்திடுவேன்."

அந்த டேப் நிலையத்தார் மட்டும் அறிந்த வழக்கம். செட்டின் காற்றுக் குழாயில் ஒரு சுற்று மஞ்சள் இருந்தால் மாஸ்க் லேசாகப் புகையை உள்ளே விடும், பட்டையை இறுக்கிப் போடு என்று அர்த்தம். இரண்டு சுற்று என்றால் விசில் அடிக்காது. சிலிண்டரில் காற்று கால் பங்குக்கு இறங்கியதும் செட் தானாக விசில் அடிக்க வேண்டும். அதைக் கேட்டுத்தான் உள்ளே இருப்பவன் திரும்புவான். அடிக்காத செட்டை மாட்டுகிறவன் தோளில் தொங்கும் காற்று மீட்டரை அடிக்கடி மாஸ்க் கண்ணாடியருகே தூக்கிப் பார்த்துக்கொள்ள வேண்டும். மூன்று செட்டுக்கு இரண்டு சுற்று இருந்தது. அது அவளுக்கும் தெரியும். அதில் ஒன்றை மாட்டிக்கொண்டு தன் தம்பி போகிறான் என்று தெரிந்த நாட்களில் அவளுக்குச் சோறு இறங்காது.

"எது எதுன்னு ஞாபகம் இருக்கா?"

"பின்னாடி நம்பர் இருக்கே..." என்றவன் பாதியில் நிறுத்தினான். முதுகுத் தட்டுகளுக்கு நேற்று மாலை கறுப்புப் பெயின்ட் அடித்தாயிற்று. நம்பரைக் காய்ந்த பிறகு எழுதலாம் என்று விட்டிருந்தான். "அதனால என்ன, வரிசைப்படிதான் மாட்டியிருக்கு. குருவி, வரிசையாத்தானே மாட்டின?"

"எந்த வரிசைண்ணே? காஞ்சது காஞ்சபடி மாட்டினேன்."

பாலிஷ் துடைக்கும் துணியைக் கீழே போட்டான். முதல் செட்டின் அருகே போய் வால்வைத் திறந்தான். ஒவ்வொன்றாகத் திறந்து, மூடி, காற்றைக் கசிய விட்டு விசிலைச் சோதிக்க எட்டுக்கும் பத்து நிமிடமாவது வேண்டும்.

வாசலில் கார் வந்து நின்றது. "வந்துட்டாங்க, அதை விடுய்யா," என்று நிலைய அதிகாரி சட்டையை இழுத்து விட்டுக்கொண்டு ஓடி வந்தார். பாலிஷ் வால்வை மூடினான்.

மதிப்பீட்டாளர் ஐம்பது வயதுப் பெண்மணி. கழுத்துக் கயிற்றில் கண்ணாடி, கையில் அட்டை வைத்த படிவம். அதிகம் பேசவில்லை. வண்டியைச் சுற்றி வந்தார். குழாய்களைத் தொட்டுப் பார்த்தார். செட்டுகளின் முன்னால் நின்றபோது அவர் புருவம் உயர்ந்தது.

"பதினேழு வருஷமா இதெல்லாம்?"

"ஆமா மேடம்," என்றார் அதிகாரி பெருமையாக.

"இந்த மாதிரிப் பராமரிப்பை நான் எங்கயும் பார்த்ததில்ல. சோதனைப் பதிவேடு காட்டுங்க."

பதிவேடு வந்தது. பக்கம் பக்கமாகப் புரட்டினார். மாதத்துக்கு எட்டு வரி. ஒவ்வொரு வரியிலும் 'சரி' என்று முத்துப்போன்ற எழுத்து. கீழே பாலிஷின் கையெழுத்து, அதற்கும் கீழே அதிகாரியுடையது. நான்கு வருஷத்தில் ஒரு 'பழுது' கிடையாது.

மதிப்பீட்டாளர் எழுதுவதைக் கணக்கம்மா எட்டிப் பார்த்தாள். படிவத்தை அவள் மனப்பாடமாக அறிவாள். 'கருவிகளின் தற்போதைய நிலை' என்ற கேள்விக்கு நாற்பது மதிப்பெண். அங்கே அந்த அம்மாள் 'எட்டு செட்டும் நல்ல நிலையில்' என்று எழுதி, எதிரே ஐந்து என்று போட்டார்.

அவ்வளவுதான். மூன்று மாத உழைப்பு போயிற்று.

அதிகாரி அவரை டீ குடிக்க அறைக்குள் அழைத்துப் போனதும் கணக்கம்மா கணவனைக் குழாய் அலமாரியின் மறைவுக்கு இழுத்தாள்.

"நாலு வருஷமா எல்லாம் சரின்னு எழுதியிருக்கீங்க."

"வேற எப்படி எழுத? பழுதுன்னு எழுதினா அந்த செட்டைக் கழட்டிப் பூட்டி வைக்கணும். ஆறுக்குக் குறைஞ்சா எங்க ஆளை உள்ள அனுப்பக் கூடாதுன்னு விதி. பக்கத்து ஊர் வண்டி வர நாப்பது நிமிஷம். நாப்பது நிமிஷத்துல வீட்டுல கரியா இருக்கும்? சாம்பல்தான் இருக்கும்."

"சரி. இப்ப அந்த மேடம்கிட்ட போய் உள்ளதைச் சொல்லுங்க."

"சொன்னா என் வேலை? பொய்ப் பதிவுன்னு வீட்டுக்கு அனுப்பிடுவாங்க. பொண்ணு காலேஜ் முடிக்க இன்னும் ரெண்டு வருஷம் இருக்கு."

"உங்க வேலை போனா என் சம்பளம் இருக்குங்க. அவனுக்கு ஒண்ணு ஆனா..." அவள் நெட்டையின் பக்கம் பார்த்தாள். அவன் குருவியின் தலையில் ஹெல்மெட்டைக் கவிழ்த்து விளையாடிக்கொண்டிருந்தான். "அப்பா போனதுக்கு அப்புறம் உங்களை நம்பித்தான் அவனை இந்த வேலைக்கு அனுப்பினேன்."

பாலிஷ் வாயைத் திறந்தான். என்ன சொல்ல வந்தானோ, அதற்குள் மணி அடித்தது.

மெத்தைக் கிடங்கு. மூன்று தெரு தள்ளி. மணி அடித்தால் கால்கள் தாமாக ஓடும். யோசனை பிறகுதான் வரும். ஆளுக்கொரு செட்டைக் கொக்கியிலிருந்து பிடுங்கிக்கொண்டு வண்டியில் ஏறினார்கள். பாலிஷ் இருக்கையில் தாவி ஏறும்போதே பின்னால் திரும்பிக் கத்தினான்: "நெட்டை, விசிலை நம்பாத. மீட்டரைப் பாரு. காதுல விழுதா? மீட்டரு."

சைரன் அவன் குரலை விழுங்கியது. நெட்டை கட்டை விரலை உயர்த்திக் காட்டினான். கேட்டுவிட்டுக் காட்டினானா, கேட்காமல் காட்டினானா என்று சொல்ல முடியவில்லை.

மதிப்பீட்டாளர் கார் கதவைத் திறந்து, "ஏறுங்க," என்றார். கணக்கம்மா ஏறினாள்.

கிடங்கின் இரும்புக் கூரைக்குக் கீழே ஜன்னல் ஜன்னலாகக் கறுப்புப் புகை தள்ளிக்கொண்டிருந்தது. பஞ்சும் ஃபோமும் எரிகிற புகை. இரண்டு மூச்சு போதும், ஆளைச் சாய்த்துவிடும். காவலாளி நிலைய அதிகாரியின் கையைப் பிடித்துக்கொண்டு, "தையல்காரன் ஒருத்தன் மாடியில இருக்கான் சார், மெஷின் ரூம்ல," என்று அழாக்குறையாகச் சொன்னான்.

நெட்டையும் குருவியும் மாஸ்க்கை மாட்டி உள்ளே போனபோது கணக்கம்மா கைக்கடிகாரத்தைப் பார்த்தாள். பதினொன்று இருபது.

நிரம்பிய சிலிண்டர், ஓடியாடி வேலை செய்கிறவனுக்கு இருபது நிமிடம் வரும். பதினைந்தில் விசில். அது எல்லோருக்கும் உள்ள கணக்கு. நெட்டை மூச்சை அண்டா அண்டாவாகக் குடிப்பவன். அவனுக்குப் பன்னிரண்டிலேயே விசில் வந்துவிடும் என்று வீட்டில் கேலி செய்வார்கள்.

பாலிஷ் பம்ப்பின் பக்கத்தில் நின்றான். குழாயில் தண்ணீர் அழுத்தம் குறையாமல் பார்க்க வேண்டும், அந்த இடத்தைவிட்டு நகரக் கூடாது. அவன் வலது கை பம்ப்பின் சக்கரத்தில் இருந்தது. கண் கிடங்கின் வாசலில் இருந்தது. மற்ற இருவர் வெளியிலிருந்து தண்ணீரை அடித்தார்கள். தகரம் சூட்டில் படபடவென்று வெடித்தது. அதிகாரி வாக்கி டாக்கியில் கூப்பிட்டுப் பார்த்தார். கரகரப்பைத் தவிர ஒன்றும் வரவில்லை.

ஐந்து நிமிடம். ஏழு. கணக்கம்மாவுக்குக் கடிகாரத்தின் முள் மேல் கோபம் வந்தது, அது ஓடுவதற்காகவும் ஓடாததற்காகவும். ஒன்பது. புகை கறுப்பிலிருந்து பழுப்பாகத் திரண்டது.

பத்தாவது நிமிடம் பாலிஷ் அவளைத் திரும்பிப் பார்த்தான். இருபத்திரண்டு வருஷக் கல்யாண வாழ்க்கையில் அவன் எதற்கும் அவளிடம் உத்தரவு கேட்டதில்லை. இப்போது கேட்டான், வாய் திறக்காமல். அவள் தலையை அசைத்தாள்.

"சார்," என்று அவன் அதிகாரியைக் கூப்பிட்டான். "ஹாரன் அடிச்சு அவங்களை வெளிய கூப்பிடணும்."

மூன்று நீண்ட ஹாரன் அடித்தால் உள்ளே இருப்பவர்கள் கையில் இருப்பதைப் போட்டுவிட்டு வெளியேற வேண்டும். அதற்கு அதிகாரியின் உத்தரவு வேண்டும்.

"ஏன்யா? இன்னும் அஞ்சு நிமிஷம் இருக்கு. விசில் வந்தா தானா வருவாங்க."

"வராது சார். மூணு செட்டுல விசில் அடிக்காது. எந்த மூணுன்னு எனக்கே தெரியாது. டேப்பைப் பிச்சதும் நான்தான், நம்பர் மேல பெயின்ட் அடிச்சதும் நான்தான்."

அதிகாரி மதிப்பீட்டாளர் பக்கம் ஒரு தரம் பார்த்தார். அந்த அம்மாள் இரண்டடியில் நின்றார். கண்ணாடி மூக்கில் ஏறியிருந்தது.

"மெதுவாப் பேசுய்யா," என்றார் அதிகாரி பல்லைக் கடித்துக்கொண்டு. "உள்ள ஒருத்தன் இருக்கான். இப்பக் கூப்பிட்டா அவன் செத்தான்."

"கூப்பிடலைன்னா மூணு பேரு சார்."

"நாலு வருஷமா ரெண்டு பேரும் சேர்ந்து கையெழுத்துப் போட்டிருக்கோம். தெரியுதா உனக்கு?"

"தெரியுது. பதிவேட்டுல நான் எழுதினது பொய். நீங்க உத்தரவு குடுத்தாலும் சரி, குடுக்காட்டியும் சரி, நான் அடிக்கப் போறேன்."

அவன் கணக்கம்மாவின் கையை இழுத்துப் பம்ப்பின் சக்கரத்தில் வைத்தான். "இந்த முள் பச்சையை விட்டு இறங்கக் கூடாது. இறங்கினா இந்தப் பக்கம் திருப்பு," என்று சொல்லிவிட்டு வண்டியில் ஏறி ஹாரனில் உள்ளங்கையை வைத்து அழுத்தினான்.

ஒன்று. இரண்டு. மூன்று. தெரு முழுக்க அதிர்ந்தது. கடைக்காரர்கள் காதைப் பொத்திக்கொண்டார்கள். யாரும் வெளியே வரவில்லை.

மறுபடி மூன்று. பதினொன்று முப்பத்திரண்டு. பாலிஷ் இப்போது கணக்கு வைக்கவில்லை. கையை எடுக்காமல் அழுத்திக்கொண்டே இருந்தான். அவளுக்கு முள் பச்சையில் இருக்கிறதா என்பது மட்டும்தான் உலகம். வாசல் பக்கம் அவள் திரும்பவேயில்லை.

முதலில் கேட்டது ஒரு கீச்சுச் சத்தம். விசில். புகைக்குள்ளிருந்து குருவி பின்னோக்கி நடந்து வந்தான், தையல்காரரைக் கக்கத்தில் கை கொடுத்து இழுத்தபடி. அவன் முதுகில் விசில் அலறியது. கால் பக்கத்தைத் தூக்கி வந்த நெட்டையிடம் சத்தமே இல்லை. வாசற்படி தாண்டியதும் அவன் விழுந்தான். மாஸ்க் முகத்தோடு ஒட்டி உறிஞ்சிக்கொண்டிருந்தது.

பாலிஷ் வண்டியிலிருந்து குதித்து ஓடி அதைப் பிய்த்து எடுத்தான். நெட்டை மல்லாந்து கிடந்து காற்றை வாரி வாரிக் குடித்தான். தோளில் இருந்த மீட்டரின் முள் பூஜ்யத்தில் படுத்திருந்தது.

தையல்காரர் இருமினார். உயிர் இருந்தது. ஆம்புலன்ஸ்காரர்கள் அவரைத் தூக்கிக்கொண்டார்கள்.

"படிக்கட்டு எந்தப் பக்கம்னு விட்டுட்டோம்," என்றான் குருவி மூச்சிரைக்க. "ஹாரன் கேட்ட பக்கமா வந்தோம்."

நெட்டை எழுந்து உட்காரக் கொஞ்ச நேரமாயிற்று. உட்கார்ந்ததும் அவன் அக்காவைப் பார்க்கவில்லை.

"மாமா, விசில் அடிக்கல."

"தெரியும்டா."

"தெரியுமா?"

பாலிஷ் அவனைத் தூக்கிவிடக் கையை நீட்டினான். நெட்டை அவன் கையைத் தட்டிவிட்டுச் சுவரைப் பிடித்து எழுந்தான்.

மதியம் மதிப்பீட்டாளர் ஊருக்குக் கிளம்பவில்லை. நிலையத்தின் முற்றத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, சிலிண்டர்களை நிரப்பச் சொல்லி, எட்டு செட்டையும் தன் எதிரில் சோதிக்கச் சொன்னார். பாலிஷ் ஒவ்வொன்றாகத் திறந்து மூடினான். முதலாவது விசிலடித்தது. இரண்டாவது அடித்தது. மூன்றாவதில் முள் மட்டும் இறங்கியது, சத்தமில்லை. முடிவில் ஊமையாக இருந்தவை நான்கு.

"மூணுன்னு சொன்னீங்க," என்றார் அவர்.

"நாலாவது எனக்கே தெரியாது மேடம்." பாலிஷ் நாலையும் தனியே எடுத்து வைத்தான்.

அவர் கண்ணாடியைக் கழற்றினார். "என்னால பாதி மட்டும் எழுத முடியாது. செட்டு மோசம்னு எழுதினா, பதிவேடு பொய்னும் எழுதணும். முதலாவது நிதி அலுவலகத்துக்குப் போகும். ரெண்டாவது உங்க நகராட்சிக்குப் போகும். ரெண்டும் வேண்டாம்னா காலையில எழுதினது அப்படியே இருக்கட்டும், நான் கிளம்புறேன்."

அதிகாரி பாலிஷைப் பார்த்தார். கெஞ்சுகிற பார்வை.

"ரெண்டையும் எழுதுங்க," என்றான் பாலிஷ். பிறகு பேனாவை வாங்கிக் கையெழுத்துப் போட்டான். மதிப்பீட்டாளர் ஐந்தை அடித்து முப்பத்தெட்டு என்று எழுதினார்.

வெள்ளிக்கிழமை பிற்பகல் இரண்டரைக்கு நகர்மன்றம் கூடியது. நிதிக் குழுவின் தலைவர் ஒரு துணிக்கடைக்காரர்; எந்தச் செலவு வந்தாலும் நறுக்கிவிடுவதால் கத்தரிக்கோல் என்று பெயர். நேரில் அப்படிக் கூப்பிட்டாலும் கோபித்துக்கொள்ள மாட்டார். கணக்கம்மா கூட்ட நடவடிக்கைகளைத் தட்டச்சு செய்ய மேஜையின் கோடியில் உட்கார்ந்திருந்தாள். சொந்தக்காரர் விஷயம் என்பதால் அவள் வாய் திறக்கக் கூடாது என்று முதலிலேயே சொல்லியாயிற்று.

"நாலு வருஷம் சரின்னு கையெழுத்துப் போட்ட ஆளு இன்னிக்குப் பழுதுங்கிறாரு," என்றார் கத்தரிக்கோல். "எந்தக் கையெழுத்தை நான் நம்புறது, சொல்லுங்க தம்பி."

"எதையும் நம்ப வேண்டாங்க," என்றான் பாலிஷ். "அந்த மேடம் சோதிச்ச தாளை நம்புங்க."

"ஒரு பங்கு நாங்க போடணும். அதுக்குப் பூங்கா வேலையை நிறுத்தணும். சனங்க கேட்டா, பொய் எழுதினவருக்குப் பரிசு குடுத்தோம்னா சொல்றது?"

"பரிசு எனக்கு வேண்டாம். தண்டனை குடுங்க. செட்டை அவங்களுக்குக் குடுங்க."

பின் வரிசையில் நெட்டை எழுந்து நின்றான். இரண்டு நாளாக அவன் மாமாவோடு ஒரு வார்த்தை பேசவில்லை. "நான் ஒண்ணு சொல்லலாமா?"

"சொல்லு."

"மாஸ்க்குக்குள்ள காத்து முடிஞ்சா எப்படி இருக்கும்னு எனக்குத் தெரியும். வாயில ஈரத் துணியை அடைச்ச மாதிரி. எனக்கு இவர் மேல இருக்கிற கோபம் உங்க யாருக்கும் இருக்காது. ஆனா அதைப் பேசுறதுக்கு இவர் ஹாரன் அடிச்சதாலதான் நான் இருக்கேன். பூங்கா அடுத்த வருஷமும் அங்கேயே இருக்கும் சார்."

கத்தரிக்கோல் வெகுநேரம் பேனாவை மேஜையில் தட்டிக்கொண்டிருந்தார். சுவர்க் கடிகாரம் மூன்று இருபது காட்டியது. கணக்கம்மா விசைப்பலகையில் விரலை வைத்துக் காத்திருந்தாள். ஒரே ஒரு வார்த்தை அவள் பேசலாம் என்றால் எதைப் பேசுவாள் என்று யோசித்தாள்.

"ஒரே தீர்மானம்," என்றார் அவர் கடைசியில். "ரெண்டு பகுதி. கணக்கம்மா, எழுதிக்குங்க. முதல் பகுதி: கருவிப் பொறுப்பிலிருந்து இவரை நீக்குறோம். மூணு வருஷம் சம்பள உயர்வு கிடையாது. அதிகாரி மேல தனி விசாரணை. வண்டி ஓட்டுறதும் பம்ப்பும் இவர்கிட்டயே இருக்கட்டும். ரெண்டாவது பகுதி: பத்தில் ஒரு பங்குக்குப் பூங்காப் பணத்தை மாத்துறோம். கை தூக்குங்க."

ஒன்பது பேரில் ஆறு கை எழுந்தது. ஐந்தாவது கை எழுவதற்குள் அவளுக்கு ஒரு யுகம் போயிற்று.

தன் கணவனுக்கான தண்டனையை அவள் தன் விரலாலேயே அடித்தாள். ஒரு எழுத்துக்கூடப் பிசகவில்லை. மூன்று நாற்பத்தேழுக்குத் தீர்மானத்தை நிதி அலுவலகத்தின் இணையப் பக்கத்தில் ஏற்றி, 'பெறப்பட்டது' என்று வரும் வரை கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்திருந்தாள். மூன்று ஐம்பத்திரண்டுக்கு அது வந்தது. ஐந்து மணிக்குத் தேர்வான ஊர்களின் பட்டியலும் வந்தது. இருபதில் அவர்கள் ஊர் ஏழாவது.

வெளியே வெயில் இருக்கும்போதே வீட்டுக்கு வந்துவிட்டாள். பாலிஷ் சமையலறையில் வெறும் கையோடு உட்கார்ந்திருந்தான். துடைக்க எதையும் எடுக்கவில்லை. அவள் பட்டியலைச் சொன்னாள். அவன் இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டான். அவள் பக்கத்தில் உட்கார்ந்து அவன் முதுகில் கையை வைத்தாள்.

"மூணு வருஷம் இதே சம்பளத்துல இழுக்கணும்," என்றான்.

"இழுப்போம். நீங்க டேப் வாங்குற காசு மிச்சம்."

அவன் சிரித்துவிட்டான். இரண்டு நாளில் முதல் சிரிப்பு.

கதவைத் தட்டாமல் நெட்டை உள்ளே வந்தான். செருப்பைக் கழற்றிவிட்டு மாமாவுக்கு எதிர் நாற்காலியில் உட்கார்ந்தான். "அக்கா, பசிக்குது."

அவள் தட்டு எடுத்தாள். அவன் மேஜையைப் பார்த்தபடி கேட்டான்.

"புது செட்டு எப்ப வரும்?"

"அஞ்சு மாசம் ஆகும்," என்றாள் கணக்கம்மா.

"அதுவரைக்கும்?"

"பக்கத்து ஊர்ல நாலு செட்டு இரவல் கேட்டிருக்கேன். திங்கட்கிழமை பதில் சொல்றாங்க."

"இன்னிக்கு வெள்ளி." அவன் விரல் விட்டு எண்ணினான். "சனி, ஞாயிறு. கையில நாலு செட்டுதான். விதிப்படி உள்ள போக முடியாது."

"முடியாது," என்றான் பாலிஷ்.

"மணி அடிச்சா?"

"வெளிய நின்னு தண்ணி அடிப்போம். பக்கத்து ஊர் வண்டி வர்ற வரைக்கும்."

"உள்ள ஆள் இருந்தா?"

சோறு வடிக்கிற பாத்திரம் கணக்கம்மாவின் கையில் நின்றது. பாலிஷ் மச்சினனை நேராகப் பார்த்தான்.

"அப்பவும் உன்னை உள்ள விட மாட்டேன். நீ என்னைத் திட்டினாலும், ஊர் என்னைத் திட்டினாலும்."

நெட்டை, அக்கா நீட்டிய தட்டை வாங்கி, மாமாவின் பக்கம் தள்ளினான்.

"நீங்க முதல்ல சாப்பிடுங்க. எட்டு மணிக்கு நம்ம ரெண்டு பேருக்கும் டியூட்டி."